காவேரியின் பெருங்கெண்டையும் தூண்டில் விதிகளும்

மும்பை நகரில் வாழும் தமிழர்களிடம் ஆற்றைப் பற்றிப் பேச்செடுத்தால், தாராவியின் ஓரமாகச் சென்று மாஹிம் கழியில் கலக்கும் மிட்டி ஆறு அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. ஊரில் விட்டு வந்த ஆறுதான் கண்முன் நிற்கும். தாராவியில் பலருக்கு அது தாமிரபரணி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பலருக்கு அது காவேரி. அந்தக் காவேரியில் வாழ்ந்த ஒரு மீனைப் பற்றியும், அதைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதற்கு ஏற்பட்ட விதிகளைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன். அந்த வரலாற்றில் இந்த நகரத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

மகசீர் என்று உலகெங்கும் வழங்கும் அந்த மீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. பூமீன்கெண்டை என்ற தமிழ்ப் பெயரும் அதற்கு உண்டு. உள்ளங்கை அகலமுள்ள செதில்களும், தடித்த உதடுகளும், பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் நீரை எதிர்த்து நிற்கும் வலிமையும் உடையது. மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து மேலேறிச் சென்று முட்டையிடும். நீர் வடிந்து தெளிந்ததும் ஆழமான மடுக்களில் தங்கும். ஆகையால் மழை ஓய்ந்து, ஆறு தெளிந்து, கோடை முற்றும்வரை உள்ள மாதங்களே தூண்டில்காரர்களுக்கு உகந்த பருவம். பரிசலில் ஏறி, கேழ்வரகு மாவைப் பிசைந்து உருட்டிய இரையைக் கொக்கியில் கோத்து, பாறை இடுக்கில் விட்டுக் காத்திருப்பது காவேரியின் வழக்கம்.

இந்த மீனுக்கு முதலில் காவலாக நின்றது சட்டம் அன்று, பக்தி. ஹாஸன் மாவட்டத்து இராமநாதபுரத்தில் காவேரியிலும், சிருங்கேரியில் துங்கை ஆற்றிலும், கோயில் படித்துறையை ஒட்டிய நீரில் மகசீர் மீன்களுக்குப் பொரி இடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். ஆனால், கோயிலின் எல்லையைத் தாண்டியதும் மீனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டத்தின் தேவையை முதலில் வற்புறுத்தியவர்களுள் ஒருவர், சென்னை மாகாண நிர்வாகத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர். தென் கன்னட மாவட்டத்தில் இருந்தபோது, ஆற்றில் நஞ்சு கலப்பதையும், மீன்குஞ்சுகள்கூடத் தப்ப முடியாத சிறு கண் வலைகளை வீசுவதையும் கண்டு அறிக்கை எழுதினார். இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவதைப் பற்றி 1873-இல் அவர் வெளியிட்ட நூல் ஆங்கிலேயரிடையே பெரும் புகழ் பெற்றது. அதே காலத்தில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் நாட்டின் மீன்களை ஆராய்ந்து, நன்னீர் மீன்வளம் எவ்வாறு அழிகிறது என்பதை அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். தாமஸ் தூண்டில் பிரியர், டே விஞ்ஞானி. ஒருவர் விளையாட்டுக்காகவும் மற்றவர் உணவுக்காகவும் மீனைக் காக்க நினைத்தாலும், இருவரும் கேட்டது ஒன்றையே.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் விவாதத்தில் கழிந்த பின், 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. அது மிகச் சிறிய சட்டம். வெடி வைத்து மீனைக் கொல்வது குற்றம். நீரில் நஞ்சு கலப்பது குற்றம். இரண்டு மாதம் வரை சிறை அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் தண்டனையாக உண்டு. வலைக்கண்ணின் அளவை வரையறுக்கவும், நிலையாக நடும் பொறிகளைத் தடுக்கவும், குறிப்பிட்ட ஒரு நீர்நிலையில் இரண்டு ஆண்டு வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கவும் மாகாண அரசுகள் விதி செய்யலாம். மைசூர் சமஸ்தானமும் தனக்கென ஒழுங்குமுறைகளை வகுத்துக்கொண்டது. இந்த விதிகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத் தன்மையைக் காணலாம். எப்படிப் பிடிக்கலாம், எப்போது பிடிக்கலாம் என்று அவை கேட்டன. எந்த மீன் என்று கேட்கவில்லை.

அந்த நாளில் காவேரியில் எத்தகைய மீன் இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1946-இல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் என்பவர், காவேரியின் துணையாறான கபினியில் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். ஒரு முழு ஆளின் எடை அது. அவ்வளவு பெரிதாக வளர்ந்தது முதுகு திமில்போல் உயர்ந்து நின்ற ஒரு வகை. செம்பொன் நிறத் துடுப்புகளை உடைய அந்த வகை காவேரியிலும் அதன் துணையாறுகளிலும் அன்றி வேறெங்கும் இல்லை.

நிலைமை மாறியது. 1931-இல் கிருஷ்ணராஜ சாகரமும் 1934-இல் மேட்டூர் அணையும் முடிந்தன. மேட்டூர் அணைக்குப் பின், கடலிலிருந்து காவேரியில் ஏறி வந்த உல்ல மீனின் வரத்து குன்றியது. நடு ஆற்றில் வாழ்ந்த மகசீருக்கோ அணையைவிட வெடி பெரும் பகையாயிற்று. சட்டம் தாளில் இருந்தது. காட்டுக்குள் காவல் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் சில காலம், காவேரியின் பெரிய மகசீர் மறைந்தே போயிற்று என்று தூண்டில் உலகம் நம்பியது. 1977-இல் இங்கிலாந்திலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் பல மாதங்கள் ஆற்றங்கரையில் தங்கித் தூண்டிலிட்டு, பெருமீன்கள் இன்னும் உள்ளன என்று காட்டினார்கள்.

அதற்குள்ளாகவே, 1972-இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் வைத்திருந்தது. பின்னர்க் கர்நாடக அரசின் சுற்றுலா நிறுவனம் பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் தூண்டில் முகாம்களை அமைத்தது. அங்கே நிலவிய விதி முற்றிலும் புதியது. பிடித்த மீனைக் கொல்லலாகாது. எடை பார்த்து, படம் எடுத்து, மூச்சுத் தெளியும்வரை நீரில் தாங்கிப் பிடித்து, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்துவந்த உள்ளூர் மக்களுள் சிலர் அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றார்கள். மற்றொரு வழக்கமும் உண்டு. எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டார்கள், எத்தனை மீன் கிடைத்தது, எடை என்ன என்று நாள்தோறும் ஏட்டில் பதிந்து வைத்தார்கள். அற்பமாகத் தோன்றும் இந்த ஏடு பின்னால் பெரிய சாட்சி ஆயிற்று.

இங்கேதான் மும்பை வருகிறது. இந்த நகருக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு, லோணாவலாவுக்கு அருகே சஹ்யாத்ரி மலையில் தேங்கும் நீரிலிருந்து 1915 முதல் வருகிறது. டாடா நிறுவனத்தின் அந்த ஏரிகளுள் ஒன்றான வால்வண் ஏரிக்கரையில், 1970-களில் மகசீர்க் குஞ்சு பொரிப்பகம் ஒன்று உருவாயிற்று. சி. வி. குல்கர்னி, எஸ். என். ஓகலே ஆகிய மீனியல் அறிஞர்கள் அங்கே அந்த மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டார்கள். நாடெங்கும் மகசீர் குறைந்துவந்த காலத்தில் இது அரும் சாதனை. அங்கிருந்து குஞ்சுகள் பல மாநிலங்களுக்குச் சென்றன. கர்நாடகத்துக்கும் சென்றன, காவேரியிலும் விடப்பட்டன.

ஆனால் அந்தக் குஞ்சுகள் காவேரியின் மீன் அல்ல. அவை நீலத் துடுப்புடைய தக்காண மகசீர். புனே அருகே முளா-முட்டா ஆற்றிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டு 1839-இல் சைக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி பெயரிட்ட வகை அது. கிருஷ்ணை ஆற்றுப் படுகைக்குச் சொந்தமானது. இரண்டும் மகசீர்தானே என்று அக்காலத்தில் எல்லோரும் எண்ணினார்கள். காவேரியின் திமில் மீனுக்கு அப்போது தனி விஞ்ஞானப் பெயர்கூட நிலைபெறவில்லை. பெயர் இல்லாத ஒன்றைத் தனியாகக் காப்பது எவ்வாறு?

கலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான ஏடுகளை அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் கணக்கிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மகசீர்கள், எடை ஒரு ராத்தலிலிருந்து 104 ராத்தல்வரை. சராசரியாக நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஒரு மீன். ஆண்டுதோறும் எண்ணிக்கை கூடிவந்தது. சராசரி எடை குறைந்துவந்தது. இளமீன்கள் பெருகுகின்றன, காவல் பலித்தது என்று மகிழத்தக்க கணக்கு இது. ஆனால் வகை பிரித்துப் பார்த்தபோது வேறொரு உண்மை வெளிப்பட்டது. பெருகியவை நீலத் துடுப்பு மீன்கள். காவேரிக்கே உரிய திமில் மீன் ஆண்டுக்கு ஆண்டு அருகி, இறுதியில் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. அணை, மணல் அள்ளுதல், வெடி ஆகியவற்றோடு, வெளியிலிருந்து வந்து குடியேறிய இந்த உறவினமும் அதற்கு ஒரு பெருங் காரணம் என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

2012-இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. முகாம்கள் இருந்த இடம் காவேரி வனவிலங்குச் சரணாலயம். சரணாலயத்துக்குள் தூண்டிலிடுவதும் வேட்டைக்கு ஒப்பானது என்ற கருத்தில், அங்கே அந்த விளையாட்டு நிறுத்தப்பட்டது. விலங்கை வருத்தி விளையாடலாகாது என்பது மதிக்கத்தக்க நீதி. ஆனால் தூண்டில்காரர்கள் போனதும் அவர்கள் கட்டணத்தால் வாழ்ந்த காவலும் போயிற்று, ஏடும் நின்றது என்று ஆராய்ச்சியாளர்கள் வருந்தினார்கள். இருதரப்பும் மீனையே நினைத்துப் பேசுவதால் இந்த வழக்கு எளிதில் தீரக்கூடியதன்று.

திமில் மீனுக்குப் பெயர் நிலைபெற்றது 2018-இல். தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்து, கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பட்டிருந்த ஒரு வகையும் இதுவும் ஒன்றே என்று அறிந்தார்கள். பாம்பாறும் அமராவதி வழியே காவேரியைச் சேர்வதுதான். இந்திய விலங்கியல் மதிப்பாய்வுத் துறையின் மீனியல் அறிஞர் ரேமா தேவி அம்மையாரின் பெயரை அந்த வகை தாங்கி நிற்கிறது. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம் என்று உலகச் செம்பட்டியலில் அது இடம்பெற்றது. பெயர் கிடைத்த ஆண்டிலேயே அபாய அறிவிப்பும் வந்தது.

நேயர்களே, இந்த வரலாற்றில் தீயவர் என்று சுட்டத்தக்கவர் வெடி வைத்தவர் மட்டுமே. சட்டம் செய்தவர், மீனை மீண்டும் ஆற்றில் விட்டவர், குஞ்சு பொரித்துத் தந்தவர் எல்லோரும் நல்லதையே நினைத்தார்கள். ஆயினும் எண்ணிக்கையைக் காத்தவர்கள் இனத்தை இழக்க இருந்தார்கள். வலைக்கண்ணை அளப்பதற்கும், எடையைப் பதிவதற்கும் முன்னே, இது எந்த ஆற்றின் மீன் என்று கேட்பதே முதல் விதியாக இருக்க வேண்டும்.

இந்த விதி காவேரிக்கு மட்டும் உரியதன்று. பொவாய் ஏரிக் கரையில் விடுமுறை நாளில் தூண்டிலோடு அமரும் அன்பருக்கும், புண்ணியம் என்று கருதிக் கடையில் வாங்கிய மீனைக் குளத்தில் விடும் பக்தருக்கும் இது பொருந்தும். பொவாயின் உபரி நீரும் சேர்ந்துதான் மிட்டி ஆறு தாராவியைக் கடந்து கடலுக்குப் போகிறது. ஓரிடத்தில் விட்ட மீன் அவ்விடத்திலேயே நின்றுவிடுவதில்லை. மோயாற்றின் மடுக்களில் எஞ்சியுள்ள திமில் மீன்களைக் காப்பாற்ற இன்னும் காலம் இருக்கிறது. நம் ஊர் ஆற்றை நினைத்துப் பெருமூச்சு விடும் நாம், அந்த ஆற்றுக்கே உரிய மீன் எது என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.