தொட்டில் கட்டும் இடுப்பு

எண்பதுகளில் தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்தவன் நான். கீழ் டிவிஷன் லீக்தான். ஆனால் முதுகுக்கு டிவிஷன் தெரியாது. ஒரு ஞாயிறு காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்புக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டி இடப்பக்கம், ஒரு ரூபாய்க் காசு அகல இடம். விரல் பட்டால் உயிர் போகும். வலக்கை பவுலருக்கு எலும்பு விரிசல் பெரும்பாலும் இடப்பக்கம்தான் விழும் என்பது பிற்பாடு தெரிந்தது. டாக்டர் மூன்று வாரம் கட்டாந்தரையில் படுக்கச் சொன்னார், பெல்ட் ஒன்றும் எழுதிக்கொடுத்தார். எழுந்தபோது வலி பாதியாகியிருந்தது, தொடையும்தான்.

அன்றைக்கு அநேகமாக எல்லா ஊரிலும் அதுதான் வைத்தியம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கே 1973 மேற்கிந்தியப் பயணத்தில் கீழ்முதுகு எலும்பில் விரிசல் விழுந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. அவர் அதோடு விடவில்லை. பயிற்சி செய்தே உடம்பைத் திரும்பக் கட்டி, 1974-75 ஆஷஸில் 25 விக்கெட் எடுத்தார். அந்த முதுகோடுதான் 1987-இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சேத்துப்பட்டு எம்.சி.சி. பள்ளி மைதானத்துக்கு வந்தார். தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமுமாக முறுக்கிக்கொள்ளும் ஆக்‌ஷன் முதுகைத் தின்றுவிடும் என்ற சேதி எங்கள் டீக்கடை வரை வந்தது அதற்குப் பிறகுதான்.

வயிறும் இடுப்பும் சுற்றிய தசைகளைச் சொல்லும் 'கோர்' என்ற சொல் வந்தது இன்னும் தாமதமாக. 1996-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் ஒன்றைக் காட்டினார்கள்: கையைத் தூக்கும்போது, கை அசைவதற்கு முன்பே வயிற்றின் உள்தசை இறுகிக்கொள்கிறது, முதுகுவலிக்காரர்களுக்கு அது பிந்துகிறது. ஜிம் உலகம் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மற்ற உடற்பயிற்சிகளைவிடக் 'கோர்' பயிற்சி பெரிய ஒசத்தி இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொன்னதை எந்த ஜிம் போர்டிலும் நான் பார்த்ததில்லை.

இந்தச் சொல்லெல்லாம் வருவதற்கு முன்பே எனக்கு இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பாடத்தை முதலில் எடுத்தவர் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர். 1920-இல் ஹெச்.சி. பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில், நம் பக்கத்து நந்தனத்தில், படித்தவர். ஆனாலும் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டையை விடாதவர். தண்டாலுக்குக் கை ஊன்றியதும் இறங்க விடமாட்டார். விசிலைக் கடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வருவார். தொங்குகிற இடுப்பில் பிரம்பு நுனி படும். "தொட்டில் கட்டாதேடா!" இருபது எண்ணும்வரை அப்படியே.

போன மாதம் அண்ணன் பேரனைப் பாண்டி பஜார் பக்கம் ஒரு பிசியோவிடம் கூட்டிப்போனேன். அவனும் பவுலர், அதே இடப்பக்கம். பாயில் முழங்கை ஊன்றிப் 'பிளாங்க்' போட்டான். பத்தாவது நொடியில் இடுப்பு தொட்டில் கட்டியது. அந்தப் பெண் ஸ்டாப்வாட்சை நிறுத்திவிட்டு, இரண்டு விரலால் அவன் அடிமுதுகைத் தொட்டு, "இங்க தொங்குது பாரு தம்பி" என்றார்.