சித்தூர் மாங்கூழ்த் தொழில்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கி உள்நாட்டுச் சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் அனுப்பும் வேளாண்சார் தொழில். தமிழகத்தில் இப்பழம் கிளிமூக்கு, பெங்களூரா என வழங்கும்.

ஏரிப் பாசனமும் மானாவாரி நிலக்கடலையும் நிலவிய இப்பகுதியில், வேர் பிடித்தபின் வறட்சி தாங்கும் மாமரம் பரவியது. ஆனால் இளங்கன்றுகளுக்குத் தண்ணீர் வேண்டும். அதற்கு ஆழ்துளைக் கிணறுகளே துணை. கிணறு தோண்டுவதை மாநிலத்தின் 2002ஆம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் சட்டம் முறைப்படுத்துகிறது.

பழம் ஜூன், ஜூலையில் ஒரே வீச்சில் முதிர்கிறது. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்க, வெயிலில் பழம் கனிந்து குழைகிறது. காத்திருப்பின் நட்டம் விவசாயியைச் சேர்கிறது. தோலும் கொட்டையும் பெருங்கழிவு. சர்க்கரை மிகுந்த கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஏரிநீரின் உயிர்வளி குன்றும்.

2025இல் வரத்து மிகுந்து விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர ஏற்பாடானது. ஜூன் 7 அன்று கர்நாடகப் பழ வரத்துக்குச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. கோலார் பக்கத்து விவசாயிகள் இதனால் பாதிக்கப்பட்டனர். கூழாலைகளையே நம்பும் ஒற்றைப் பயிரின் ஆபத்து இங்கே வெளிப்படை.

பலமநேர், குப்பம் பகுதிகளில் 1990இல் அமைந்த கௌண்டின்யா சரணாலயத்தின் யானைகள் தோப்புகளில் புகுந்து கிளைகளை முறிப்பதுண்டு.