தரங்கம்பாடியில் முதல் மாதங்கள்: சீகன்பால்கு தமிழ் கற்ற முறை

ஐரோப்பியர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை ஆராய்வோர் பெரும்பாலும் அவர்கள் இயற்றிய இலக்கணங்கள், அகராதிகள், மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். அந்நூல்களை இயற்றுமுன் அவர்கள் யாரிடம் தமிழ் கற்றனர், எம்முறையில் கற்றனர் என்னும் வினாக்கள் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. பர்த்தலோமேயு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய முதல் மாதங்களை நோக்கினால், அவ்வினாக்களுக்குரிய இடம் அடிக்குறிப்பன்று என்பது விளங்கும். அவர் பின்னர் எழுதிய தமிழின் இயல்பும், அவர் முதலில் மொழிபெயர்த்த நூல்களின் தெரிவும் அம்மாதங்களிலேயே பெரிதும் முடிவாகிவிட்டன. அவற்றை முடிவுசெய்தவர்கள் அவருக்குக் கற்பித்த தமிழர்களே.

1706 சூலை 9 அன்று ‘சோபியா ஹெட்விக்’ என்னும் கப்பலில் சீகன்பால்குவும் அவர்தம் தோழர் ஹென்றி புளூட்சோவும் தரங்கம்பாடியை அடைந்தனர். கோபன்ஹேகனிலிருந்து முந்தைய ஆண்டு நவம்பர் இறுதியில் புறப்பட்ட பயணம் அது. சீகன்பால்கு சாக்சனி நாட்டின் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரினர். பொதுவாகக் கொள்ளப்படும் பிறந்தநாளின்படி, கரை சேர்ந்த மறுநாள் அவருக்கு இருபத்துநான்கு வயது நிறைந்தது. இருவரையும் அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். அரசரின் விருப்பம் வேறு, கம்பெனியின் விருப்பம் வேறு. வணிகத்துக்கு இடையூறாகுமென்று கம்பெனி இயக்குநர்கள் இப்பணியை விரும்பவில்லை. ஜெர்மானியர் இருவரின் வருகை கோட்டைத் தலைவர் ஹாசியுசுக்கும் உவப்பாயிருக்கவில்லை.

முதல்நாள் நிகழ்ச்சி பலரும் எடுத்துரைத்ததே. வந்தவர்கள் பல மணிநேரம் காத்திருந்தனர். ஹாசியுசு வந்து, யார், எதற்கு வந்தீர்கள் என்று வினவினார். அரச மடலைக் கண்டபின்னும் தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்றார். அவரும் உடன்வந்தோரும் கடைவீதிவரை நடந்து தத்தம் வழியே கலைந்து சென்றனர். தங்க இடமின்றி இருவரும் வெளியில் நிற்க, அதிகாரி ஒருவர் இரங்கி அழைத்துச் சென்றார். சமயப் பணி வரலாறுகளில் இக்காட்சி பொறுமைக்குச் சான்றாகவே கூறப்படும். மொழி வரலாற்றில் அதன் பயன் வேறு. டேனியர் குழாத்துள் மதிப்பான இடம் முதல்நாளிலேயே கிடைத்திருந்தால், கோட்டைக்குள்ளும் சீயோன் ஆலயத்திலும் அவர்களுடைய நாட்கள் கழிந்திருக்கக்கூடும். அது கிடைக்காமையால் ஊருக்குள் வாழவும் ஊராரை நாடவும் நேர்ந்தது.

அவ்வூரின் அமைப்பையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருடன் செய்த உடன்படிக்கையால் டேனியருக்குக் கிடைத்த சிறு பகுதி தரங்கம்பாடி. 1706இல் தஞ்சையை ஆண்டவர் மராத்திய மன்னர் சாகஜி. கடலோரத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். ஊருக்குள் பள்ளிவாசல், கத்தோலிக்க ஆலயம், 1701இல் கட்டிய டேனியரின் சீயோன் ஆலயம். அரசாங்கத்தார் பேசியது டேனிஷ். துறைமுகத்திலும் ஐரோப்பியர் இல்லங்களிலும் வழங்கியது சிதைந்த போர்த்துக்கேயம். மக்கள் பேசியது தமிழ். வந்தவர்களின் தாய்மொழியோ ஜெர்மன்.

அவர்கள் முதலில் கற்கத் தொடங்கிய மொழி தமிழன்று, போர்த்துக்கேயமே. அதில் வியப்பில்லை. கரையோரமெங்கும் அயலாரிடம் பேச அம்மொழியே கைகொடுத்தது; ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்தோரும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரும் அதையே அறிந்திருந்தனர். 1707 மே 12 அன்று முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீட்டு அடிமைகள் என்பது இதனோடு இயைந்த செய்தி. போர்த்துக்கேயத்தோடு நின்றிருந்தால் இப்பணி ஐரோப்பியரின் வாசற்படியைத் தாண்டியிராது. காலப்போக்கில் புளூட்சோ போர்த்துக்கேயம் பேசுவோரையும் சீகன்பால்கு தமிழ் பேசுவோரையும் கவனிப்பதென இருவரிடையே பணி பிரிந்தது.

தமிழ் கற்க அவர் கையில் இருந்தது என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் தமிழ் இலக்கணம் எழுதியிருந்தார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியிருந்தது. சரியாக நூறாண்டுக்கு முன், 1606இல், மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியும் அவர் வழிவந்த இயேசு சபையாரும் தமிழில் நிறைய எழுதியிருந்தனர். ஆயினும் நொபிலிக்கு மதுரையில் முன்பே பணியாற்றிக்கொண்டிருந்த சபைத் தோழர் ஒருவர் இருந்தார். சபையின் ஏடுகள் சபைக்குள் கைமாறின. புராட்டஸ்டண்டு சபையிலிருந்து வந்த சீகன்பால்குவுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. கத்தோலிக்கர் எழுதிய தமிழ்ச் சுவடிகள் சில பின்னரே அவர் கைக்கு வந்தன. கிறித்தவப் பொருள்களைக் கூறும் சொற்கள் பலவற்றை அவர் அவற்றிலிருந்தே பெற்றார். மாற்றுச் சபையாரின் கோட்பாட்டை மறுத்தவர் அவர்களின் சொற்களைத் தள்ளவில்லை.

ஆகவே அவர் நாடியது ஊர்ப் பள்ளி ஆசிரியரை. எழுபது வயதை ஒட்டிய அம்முதியவர் தம் மாணாக்கரை விட்டுவிட்டு அயலார் இருவருக்குத் தனியே பாடம் சொல்ல இயலாது. அதனால் பள்ளியே அவர்கள் வீட்டுக்கு வந்தது. சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத, அவர்களுக்கு நடுவே ஜெர்மன் பல்கலைக்கழகம் கண்ட இளைஞரும் அமர்ந்து அகரம் முதல் எழுதினார். சீகன்பால்குவின் வரலாற்றில் பெரிதும் போற்றப்படும் இக்காட்சியை அவருடைய பணிவுக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். பணிவு இருந்ததில் ஐயமில்லை. ஆயினும் கல்வி வரலாற்று நோக்கில் கேட்கவேண்டியது, அந்த மணலில் அவர் எதைக் கற்றார் என்பதே.

ஆசிரியருக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தும் வாசிப்பும் விரைவில் வந்தன, பொருள் விளங்கவில்லை. இதனை ஒரு குறையாகவே பணி வரலாறுகள் குறிக்கின்றன. திண்ணைப் பள்ளியின் நடைமுறையை அறிந்தவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் கற்றனர். முதலில் எழுத்து, பின் சுவடியைக் குரலெடுத்து வாசித்தல், பின் நெட்டுரு. பொருள் வயதுக்கேற்பப் பின்னால் வரும். நீதிநூல் அடிகளைப் பொருள் தெரியாத வயதிலேயே மனத்தில் பதித்துவைத்தல் அக்கல்வியின் குறிக்கோள், அதன் குறைபாடன்று. ஜெர்மானிய இளைஞருக்கென்று தனிமுறை எதுவும் வகுக்கப்படவில்லை. தமிழ்ச் சிறுவன் ஒருவன் தமிழுக்குள் நுழையும் அதே வாயில் வழியாகத்தான் அவரும் நுழைந்தார். ஐரோப்பிய இலக்கண முறையில் வேற்றுமை வாய்பாட்டிலிருந்து அவர் தொடங்காமைக்கு அப்போது வாய்பாடு இல்லாமையே காரணம். அவ்வில்லாமை அவருக்கு நன்மையாயிற்று.

இதன் விளைவை அவர் செய்த மொழிபெயர்ப்புகளில் காணலாம். 1708இல் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவை ‘நீதிவெண்பா’, ‘கொன்றைவேந்தன்’, ‘உலகநீதி’ ஆகிய மூன்று. புதிதாக வந்த ஒருவர் சமயச் சாத்திரத்தையோ புராணத்தையோ முதலில் எடுத்திருக்கலாம். எதிர்வாதத்துக்கு அவையே பயன்படுவன. அவர் எடுத்தவையோ நீதி நூல்கள், பள்ளிப் பிள்ளைகளின் வாயில் ஒலிக்கும் வகையின. அவற்றைத் தேர்ந்தவர் சீகன்பால்கு என்பதைவிட, அவர் முன் அவற்றை வைத்தது அப்பள்ளி என்பதே பொருத்தம். தமிழரிடம் ஒழுக்க நூல்கள் உண்டு, அவை உயர்ந்தவை என்று ஐரோப்பாவுக்குக் கூற அவர் விரும்பினார். ஐரோப்பா அதனைக் கேட்க விரைந்ததாகத் தெரியவில்லை. அம்மொழிபெயர்ப்புகளை டச்சு அறிஞர் காலண்டு அச்சில் வெளியிட்டது 1930இல்; இடையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

பொருள் விளக்கம் வேறொருவரிடமிருந்து வந்தது. கம்பெனியில் துபாசியாக இருந்த அழகப்பன் போர்த்துக்கேயம், டேனிஷ், ஜெர்மன், டச்சு ஆகியவற்றில் பழக்கமுடையவர். ஆவணங்களில் அவர் பெயர் ‘அலெப்பா’ எனத் திரிந்து காணப்படும். அவரை ஊதியம் பேசி அமர்த்திக்கொண்டனர். வாசிக்க மட்டும் தெரிந்த வரிகள் அழகப்பன் வாயிலாகப் பொருள் பெற்றன. இவ்வாறு சீகன்பால்குவின் தமிழுக்கு இரு ஊற்றுகள் அமைந்தன: ஒன்று சுவடியும் நெட்டுருவுமாகிய பள்ளித் தமிழ், மற்றொன்று துறைமுகத்திலும் பண்டகசாலையிலும் புழங்கிய துபாசியின் பேச்சுத் தமிழ். அவருடைய உரைநடையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பிற்காலத்தார் குறையாகவே கண்டனர். வீரமாமுனிவர் அவருடைய மொழிபெயர்ப்பைக் கடுமையாகச் சாடினார். நடைநயத்தை அளவுகோலாகக் கொண்டால் அக்கண்டனத்தில் உண்மை உண்டு. எனினும் அந்நடை எங்கிருந்து வந்தது என்பதை நோக்காமல் அதனை அறியாமை என்று தள்ளுவது முறையன்று. 1716இல் ஹாலே நகரில் இலத்தீனில் அச்சான அவருடைய தமிழ் இலக்கணம் செய்யுள் வழக்கை விடுத்துப் பேச்சு வழக்கை அடிப்படையாகக் கொண்டிருப்பதும் இங்கிருந்தே வருகிறது.

எட்டு மாதங்களில் தமிழ் படிக்கவும் எழுதவும் பேசவும் வந்துவிட்டது என்று அவருடைய கடிதங்கள் கூறுகின்றன. அக்கடிதங்கள் ஹாலேயில் பேராசிரியர் பிராங்கே முதலிய ஆதரவாளர்களுக்கு எழுதப்பட்டவை. பொருளுதவியும் வேண்டுதலும் அவர்களிடமிருந்து வரவேண்டும். ஆகவே அக்கூற்றைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ளுதல் நன்று. அவரே 1708இல் எழுதிய நாளொழுங்கு இதற்குத் துணைநிற்கிறது. காலை ஏழு முதல் எட்டுவரை கற்ற சொற்களை மீள நினைத்தல். எட்டு முதல் பன்னிரண்டுவரை புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்கப் புதிய சுவடிகளை வாசித்தல். பிற்பகலில் மீண்டும் வாசிப்பு. இரவு விளக்கொளியில் கண் களைத்தபின் வேறொருவர் வாசிக்கக் கேட்டல். இரண்டாண்டு கழிந்தும் நாள்தோறும் ஆசிரியர் தேவைப்பட்டார். இதனால் அவருடைய பெருமை குன்றாது. எட்டு மாதத்தில் மொழியைக் கரைகண்டவர் என்னும் புகழைவிட, கற்பதை நிறுத்தாதவர் என்பது அவரைப் பற்றிய நம்பத்தக்க செய்தி.

அவ்வாண்டிலேயே அவர் தம்மிடம் சேர்ந்த சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினார். தமிழர் நூல்கள் என்னும் பிரிவில் மட்டும் 119 நூல்கள். தொல்காப்பியமும் திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் இடம்பெற்றன. தம் எழுத்தரைப் பல நாள் தொலைவுக்கு அனுப்பி, மறைந்த பார்ப்பனரின் மனைவியரிடமிருந்தும் ஏடுகளை விலைக்கு வாங்கியதாக எழுதுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தெற்கேயுள்ள ஒரு துறைமுக ஊரில் எந்நூல்கள் படிக்கப்பட்டன, எவை பெயரளவில் அறியப்பட்டன என்பதைக் காட்டும் இத்தகைய ஆவணம் வேறு அரிது. பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் அவர் எழுதிய குறிப்பின் பின்னால் உள்ளூர் ஆசிரியர்களின் மதிப்பீடு ஒலிக்கிறது. தமிழ் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அதனைச் சீகன்பால்குவின் பட்டியல் என்று வழங்குவதோடு, அவருக்கு அருகில் அமர்ந்திருந்தோரின் பட்டியலாகவும் படித்தல் வேண்டும்.

கற்பித்தவர்களுக்கு நேர்ந்தது மகிழ்ச்சி தருவதன்று. அழகப்பன் அப்பணியால் பகைக்கு ஆளாகித் தரங்கம்பாடியைவிட்டு வெளியேற நேர்ந்தது. சீகன்பால்குவையும் ஹாசியுசு 1708 நவம்பரில் சிறையிட்டு, நான்கு மாதங்களுக்குப் பின்னரே விடுவித்தார். சீகன்பால்குவின் சிறைவாசம் நூல்கள்தோறும் கூறப்படுகிறது. துபாசியின் இழப்பு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. முதிய ஆசிரியரோ பெரும்பாலான நூல்களில் ‘ஒரு பள்ளி ஆசிரியர்’ மட்டுமே.

புளூட்சோ 1711இல் ஊர் திரும்பினார். அவ்வாண்டு மார்ச்சில் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. அச்சுப்பொறி வந்தபின் 1714 முதல் அது வெளிவந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறாம் வயதில், சீகன்பால்கு தரங்கம்பாடியில் காலமானார். அதே ஆண்டு பெஞ்சமின் சூல்ட்சே என்னும் இளைஞர் அக்கரையில் வந்திறங்கினார். தமிழ் கற்க அவருக்கு அச்சிட்ட இலக்கணம் இருந்தது, அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. மணற்பரப்பில் சிறுவரோடு அமரவேண்டிய தேவை அவருக்கு இல்லை.