குளிரும் சாப்பாடும்: கடல் கடந்து படித்தவர்கள்

பெங்களூரில் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிள்ளை மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பினால், மல்லேஸ்வரமானாலும் அல்சூரானாலும், வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். அங்கே குளிர் எப்படி? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்? பிள்ளைகள் சிரிப்பார்கள். பழைய வரலாறு தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

1933இல் நம்மூர் டாடா இன்ஸ்டிடியூட்டுக்கு இயக்குநராக வந்து, 1970இல் மறையும் வரை இவ்வூரிலேயே வாழ்ந்த சர் சி.வி. ராமனுக்கும் இளமையில் சீமைப் படிப்பு யோசனை இருந்தது. சென்னையில் பரிசோதித்த சிவில் சர்ஜன், இந்த உடம்பு இங்கிலாந்துக் குளிரைத் தாங்காது என்று கையை விரித்துவிட்டார். ராமன் இங்கேயே படித்தார். முதல் கப்பல் பயணம் 1921இல்தான். அந்த டாக்டருக்கு நன்றி என்று பிற்காலத்தில் சொல்லவும் செய்தார்!

அவர் நன்றி சொன்னதன் பொருள், கப்பல் ஏறிய இன்னொருவரின் கதையைப் பார்த்தால் விளங்கும். சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று சென்னையில் ‘நெவாசா’ கப்பலில் புறப்பட்டார். துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. இப்போது பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தந்தது. கடல் கடக்கலாமா என்று தயங்கிய வைணவக் குடும்பம். குடுமியை எடுத்தார்கள், கோட்டு மாட்டினார்கள், கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக்கினார்கள். இளம் மனைவி ஜானகி ஊரிலேயே இருந்தார்.

கேம்பிரிட்ஜில் ஒரு நாள், அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளி நண்பர் மகலனோபிஸ், ராத்திரி குளிரவில்லையா என்று கேட்டார். ஓவர்கோட்டோடு, சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்குவதாகப் பதில் வந்தது. படுக்கையறையில் போய்ப் பார்த்தால் கம்பளிகள் நிறையவே இருக்கின்றன. எல்லாம் மெத்தையோடு செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருக்கிறது. உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. இவர் விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார். எண்களின் ரகசியம் அறிந்தவருக்குப் படுக்கையின் ரகசியம் தெரியாமல் போனதை வேடிக்கையாகச் சொல்வார்கள். கேட்க வெட்கம், சொல்ல ஆளில்லை என்பதே உண்மை.

சாப்பாட்டுக் கதையும் அப்படித்தான். சைவ உணவில் அசையாத உறுதி. கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தை நம்பாமல் அறையிலேயே தானே சமைத்தார். கணக்கில் மூழ்கினால் நேரமும் கிடையாது, காலமும் கிடையாது. யுத்தம் வந்தபின் சாமான் கிடைப்பதும் கஷ்டமாயிற்று. ஒருமுறை இந்திய நண்பர்களை விருந்துக்கு அழைத்து ரசம் பரிமாறினார். விருந்துக்கு வந்த ஒரு பெண் மூன்றாம் முறை போதும் என்றாள். அவ்வளவுதான்; மனிதர் அறையை விட்டு வெளியேறி நாலு நாள் காணோம். தான் பரிமாறியதை மறுத்தது அவமானமாகப் பட்டதாம். அந்த ரசத்தில்தான் அவருடைய ஊர் முழுவதும் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1917இல் நோய் வந்தது. காசநோய் என்று ஜன்னல்களைத் திறந்துபோட்ட குளிர்ந்த சானடோரியங்களில் வைத்தார்கள். ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் போகவிடவில்லை என்பர். 1918இல் லண்டன் பாதாள ரயில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை விடப் பார்த்தார். காப்பாற்றினார்கள். அதே ஆண்டுதான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது! 1919இல் ஊர் திரும்பினார், 1920 ஏப்ரல் 26இல் மறைந்தார். அது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் யங் என்ற ஆய்வாளர் எழுதினார்.

ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர் 1930இல், 19 வயதில், அதே டிரினிட்டி கல்லூரிக்குக் கப்பல் ஏறினார். கப்பலிலேயே அவர் போட்ட விண்மீன் கணக்குக்கு 1983இல் நோபல் பரிசு வந்தது எல்லோரும் அறிந்தது. புறப்படும்போது தாயார் சீதாலட்சுமி படுத்த படுக்கை. போய் வா என்று அனுப்பியவர் அவரே. மறு வருஷம் மே மாதம் அவர் காலமானபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

தண்டவாளச் சம்பவம் வெளியே தெரிந்ததும் இந்தச் சந்திரசேகர் மூலம்தான். பேராசிரியர் ஹார்டி அவரிடம் சொல்லியிருந்தார். ராமானுஜனின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்றும் ஹார்டி கேட்டிருந்தார். 1936இல் கல்யாணத்துக்காக ஊர் வந்த சந்திரசேகர், சென்னையில் ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். அந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தது கணவரின் பாஸ்போர்ட். இன்று நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கும் ராமானுஜன் முகம், திரும்பி வருவதற்காக 1919இல் எடுத்த அந்தப் பாஸ்போர்ட் படம்தான்.