அப்பா வந்திறங்கிய விமான நிலையம்

அப்பா 1986இல் கனடாவுக்கு வந்து இறங்கியது மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில். உங்களில் பலருடைய அப்பா அம்மாவும் அங்கேதான் இறங்கியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் அப்பா குளிரைப் பற்றிச் சொல்லமாட்டார். "விமானத்தால இறங்கி ஒரு பெரிய அறைக்குள்ள போய் இருந்தம். கொஞ்ச நேரத்தில அந்த அறை ஓடத் தொடங்கிட்டுது" என்பார்.

சின்ன வயதில் அதை அவர் கட்டிவிட்ட கதை என்று நினைத்தேன். பொறியியலில் முதுமாணி படித்தபோதுதான் அது உண்மை என்று தெரிந்தது. மிராபெலில் பயணிகள் விமானத்துக்கு நடந்து போவதில்லை. சில்லுப் பூட்டிய பெரிய அறை ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு போய் விமானத்தின் கதவோடு ஒட்டி நிற்கும். விமானங்கள் கூடினால் இன்னும் சில வண்டிகளை வாங்கலாம், குறைந்தால் நிறுத்தி வைக்கலாம். கட்டடத்தை நீட்டத் தேவையில்லை. நல்ல யோசனைதான். ஆனால் அந்த விமான நிலையத்தில் வளைந்து கொடுக்கக்கூடியதாக இருந்தவை அநேகமாக அந்த வண்டிகள் மட்டுமே.

1960களில் மொன்றியல்தான் கனடாவின் முதல் நகரம். ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் அங்கே இறங்கின. டொர்வாலில் இருந்த பழைய விமான நிலையம் நிரம்பிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். 1969இல் மத்திய அரசு புதிய இடத்தை அறிவித்து, ஏறத்தாழ 97,000 ஏக்கர் காணியைச் சுவீகரித்தது. அது யாழ்ப்பாண மாவட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதில் விமான நிலையத்துக்கென்று ஒதுக்கியது 17,000 ஏக்கர் மட்டும். மிச்சம், சத்தம் கேட்டு யாரும் முறைப்பாடு செய்யக்கூடாது என்பதற்காகவும், வரப்போகும் தொழிற்சாலைகளுக்காகவும். ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் காணியை இழந்தன. பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்த பிரெஞ்சுக் குடும்பங்கள்.

1975 அக்டோபரில் இரண்டு ஓடுபாதைகளுடன் திறந்தார்கள். காலப்போக்கில் ஆறு ஓடுபாதைகள், ஆண்டுக்கு 5 கோடிப் பயணிகள் என்பது திட்டம். பயணிகள் சேவை நடந்த காலம் முழுவதிலும் அது ஆண்டுக்கு 30 இலட்சத்தைக்கூடத் தாண்டவில்லை.

ஏன்? 1973இல் எண்ணெய் விலை ஏறியது. விமானங்கள் தூரம் பறக்கப் பழகி, மொன்றியலின் தலைக்கு மேலாலேயே ரொறன்ரோவுக்குப் போயின. வங்கிகளும் கம்பனிகளும் ரொறன்ரோவுக்கு இடம் மாறின. இதையெல்லாம் 1969இல் ஒருவரால் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வெளிநாட்டு விமானங்களை மிராபெலுக்கு அனுப்பிவிட்டு, உள்நாட்டு, அமெரிக்க விமானங்களை டொர்வாலிலேயே வைத்தார்கள். லண்டனிலிருந்து வந்து ஒட்டாவாவுக்குப் போக வேண்டியவர் பெட்டிகளோடு பஸ் ஏறி அடுத்த விமான நிலையத்துக்குப் போக வேண்டும். மிராபெலோ நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. திட்டமிட்ட கடுகதி ரயில் வரவேயில்லை. 13ஆம் இலக்க நெடுஞ்சாலையும் அங்கு வரை நீளவில்லை. இப்படி இருந்தால் யார்தான் ரொறன்ரோ வழியாகப் போகமாட்டார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓடுபாதைகளைப் படிப்படியாகத்தான் கட்டினார்கள். தேவை வரவில்லை, மிச்ச நான்கையும் கட்டவில்லை, அந்தப் பணம் தப்பியது. ஆனால் காணியைப் படிப்படியாகச் சுவீகரிக்கவில்லை. அதை முதல் நாளே முழுதாகச் செய்து முடித்தார்கள். தேவை வந்தால் மட்டும் எடுப்போம், அதுவரை தோட்டம் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

எம்.ஐ.டி. பேராசிரியர் ரிச்சர்ட் டி நியூஃப்வில் நெடுங்காலமாகச் சொல்லி வருவது இதைத்தான்: விமான நிலையத்துக்கான எதிர்வுகூறல் பிழைக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஒரே வாயிலைக் காலையில் உள்நாட்டுப் பயணத்துக்கும் மாலையில் வெளிநாட்டுப் பயணத்துக்கும் கதவை மாற்றிப் பூட்டிப் பயன்படுத்தலாம். சுவரை அசைக்கக்கூடியதாகக் கட்டலாம். என் வேலையில் இது சாதாரண விஷயம். சேர்வர் போதவில்லை என்றால் அன்றைக்கே கூடுதலாக வாடகைக்கு எடுப்போம், கூட்டம் குறைந்ததும் விட்டுவிடுவோம். சேர்வருக்கு வீடு வாசல் கிடையாது என்பதால் எனக்கு அது சுலபம், அவ்வளவுதான்.

1997இல் வெளிநாட்டு விமானங்கள் டொர்வாலுக்குத் திரும்பத் தொடங்கின. 2004 அக்டோபர் 31இல் மிராபெலின் கடைசிப் பயணிகள் விமானம் போனது. 2014இல் கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். ஓடுபாதை இன்னும் இருக்கிறது. சரக்கு விமானங்கள் வருகின்றன. இன்றைக்கு நாங்கள் ஏறிப் போகும் ஏ220 விமானங்களில் பலவற்றைப் பொருத்துவதும் அங்கேதான்.

போன கோடையில் அப்பாவை அங்கே கூட்டிப் போனேன். அவருக்குச் சொந்த ஊர் மயிலிட்டி, பலாலி விமான நிலையத்துக்குப் பக்கம். 1990இல் போரில் ஊர் முழுவதும் வெளியேற வேண்டி வந்தது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயமானது. அப்பாச்சி கொட்டடியில் வாடகை வீட்டில்தான் காலமானார். மயிலிட்டியின் ஒரு பகுதி 2017இல் விடப்பட்டது. மிராபெலில் நடந்தது போர் இல்லை, இரண்டும் ஒன்றல்ல. அது அப்பாவுக்கும் தெரியும்.

காரை ஓரமாக நிறுத்தினேன். தெருவுக்கு மற்றப் பக்கம் சோளத் தோட்டம். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காணியைத் திருப்பிக் குடுத்தவையோ?"

"ஓம் அப்பா. 1985இல 80,000 ஏக்கரைப் பழைய ஆக்களுக்குத் திருப்பி வித்தவை. 2006இல இன்னும் 11,000."

விரலை மடித்து எண்ணினார்.

"முதல் ஆக்களுக்குப் பதினாறு வருசம். எங்களுக்கு இருபத்தேழு," என்றார். பிறகு காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, "வித்தவையோ? அவையின்ர காணியை அவைக்கே வித்தவையோ?" என்று கேட்டார்.