விரலுக்கும் தமிழ் தெரியணும்

புனேவில் நம்மூர்ப் பிள்ளைகள் வீட்டில் நன்றாகவே தமிழ் பேசுகிறார்கள். தட்டச்சு செய்யச் சொன்னால் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். ல, ள, ழ மூன்றும் அதில் ஒன்றாகிப் போகின்றன. இந்தக் கவலையில்தான் தமிழ் விசைப்பலகையின் கதையைத் தேடிப் படித்தேன்.

அதைத் தொடங்கி வைத்தவரும் நம்மைப் போல ஊரைவிட்டுப் போனவர்தான்! யாழ்ப்பாணம் சுண்டிக்குழியில் 1886-ல் பிறந்த ஆர். முத்தையா, 1907-ல் மலாயா போனார். ஆங்கில டைப்ரைட்டரைப் பார்த்துவிட்டு, தமிழுக்கும் ஒன்று செய்ய முனைந்தார். 247 எழுத்துக்கும் தனித்தனி விசை வைக்க முடியுமா? சில குறிகளைத் தட்டினால் காகிதம் நகராதபடி செய்தார். அடுத்த எழுத்து அதே இடத்தில் விழும். ஜெர்மனியில் அந்த இயந்திரம் தயாரானது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் "யளனக" அடித்தவர்களுக்குத் தெரியும்: "கெ" வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகுதான் க. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. நாம் உச்சரிக்கும் வரிசை அல்ல.

கணினி வந்ததும் ஆளுக்கொரு விசைப்பலகை. 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டைத் தொடர்ந்து, 1999-ல் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடியது. அங்கே பிறந்து, அதே ஆண்டு தமிழக அரசின் ஏற்பும் பெற்றதுதான் தமிழ்99.

இதில் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அடிக்கடி வரும் க, ப, ம, த நடு வரிசையிலேயே இருக்கின்றன. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் "அம்மா" வந்துவிடும். புள்ளி தானாக விழும். ங, க தட்டினால் "ங்க". நம் இலக்கணமே விசைக்குள் இருக்கிறது.

ஆங்கில எழுத்து வழியாக அடிப்பது சுலபம்தான், பலரை இணையத்தில் தமிழ் எழுத வைத்ததும் அதுதான். ஆனால் பிள்ளைக்கு ழகரத்தின் முகமே மறந்து போகிறதே!

பழக்கம் இவ்வளவுதான்: விரல்கள் நடு வரிசையில், கண் திரையில். விசையைக் குனிந்து பார்க்கக் கூடாது. முதலில் வேகம் வேண்டாம், பிழையில்லாமல் வரட்டும். தினம் பத்து நிமிஷம் போதும். விண்டோஸுக்கு இ-கலப்பை இலவசம். ஐபோனில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம் என்று பிள்ளைகளை உட்கார வையுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.