தாதியரும் மேற்பார்வையும்: இங்கிலாந்தின் அநுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மேற்பார்வை என்னுஞ் சொல் மேலிருந்து கீழ்நோக்கும் ஒரு கண்ணையே நம் நினைவுக்குக் கொணர்கின்றது. தோட்டத்துக் கங்காணியை அறிந்த நம் நாட்டவர்க்கு அச்சொல் இனிப்பதன்று. அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லும் இச்சுமையினின்று தப்பவில்லை. ஆயினும், ஒரு தாதி தன் பணியில் எழும் ஐயங்களையும் தவறுகளையும் மனச்சுமையையும் பயிற்சி பெற்ற மற்றொரு தாதியுடன், இதற்கெனவே ஒதுக்கிய நேரத்தில், அச்சமின்றி உரையாடி ஆராய்தலையே பராமரிப்புசார் மேற்பார்வை என இன்று வழங்குகின்றனர். காணுங் கண் கேட்குஞ் செவியாக மாற முயன்ற வரலாறு இது. அம்மாற்றம் எளிதில் நிகழ்ந்ததன்று என்பதையே நாம் ஈண்டு காட்ட முற்படுகின்றோம்.

கிறைமியப் போர்க்காலத்தில் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு, 1860இல் இலண்டன் சென். தோமஸ் மருத்துவமனையில் நைற்றிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. மேற்றன் வாட்றோப்பர் அம்மையாரின் பொறுப்பில் பயின்ற ஒவ்வொரு மாணவியின் நேரந் தவறாமை, அடக்கம், நம்பகம், தூய்மை, கட்டுப்போடுந் திறன் ஆகியன மாதந்தோறும் பதிவேட்டில் மதிப்பிடப்பட்டன. தாதித் தொழிலுக்கு நன்மதிப்பைத் தேடித்தந்த ஏற்பாடு இதுவெனலாம். ஆனால் மாணவியின் நடத்தைக்கு அப்பதிவேட்டில் இடமிருந்தது. அவளது துயருக்கு இருக்கவில்லை.

1902ஆம் ஆண்டின் மருத்துவிச்சியர் சட்டம் மேற்பார்வையைச் சட்டக் கடமையாக்கியது. உள்ளூராட்சி அமைப்புகளின் பரிசோதகர்கள் மருத்துவிச்சியின் கைப்பையையும் பதிவுகளையும் சோதிக்கலாயினர். பரிசோதகர் என்ற பெயர் 1930களின் பிற்பகுதியில் மேற்பார்வையாளர் என மாறிற்று. ஆலோசனை வழங்குதலும் அவர் பணியாயிற்று. எனினும் தேற்றும் பொறுப்பும் விசாரிக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இவ்வரலாற்றில் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது, உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960இல் வெளியிட்ட ஆய்வாகும். அவர் ஆராய்ந்த இலண்டன் மருத்துவமனையின் ஏறத்தாழ 700 தாதியருள் 150 பேரே முழுப் பயிற்சி பெற்றோர், ஏனையோர் மாணவியர். ஒரு மாணவி சில நோயாளரை முழுமையாகப் பராமரிப்பதற்குப் பதிலாக, விடுதியிலுள்ள அனைவர்க்கும் ஒரே வேலையைச் செய்து சென்றாள். நோயாளி பெயரால் அன்றிக் கட்டில் இலக்கத்தாலோ நோயுற்ற உறுப்பாலோ சுட்டப்பட்டார். உறங்க வேண்டியோர் வழக்கத்தின் பெயரால் அதிகாலையில் எழுப்பப்பட்டனர். சிறு முடிவுகளும் மீண்டும் மீண்டும் சரிபார்க்கப்பட்டன. இவற்றை மென்சீஸ் கல்நெஞ்சின் வெளிப்பாடாகக் கொள்ளவில்லை. வேதனையையும் மரணத்தையும் நாள்தோறும் அண்மையிற் காணும் தாதியின் பதற்றத்தைத் தடுக்க நிறுவனம் எழுப்பிய அரண்களே இவை என்றார். அவ்வரண்களோ பதற்றத்தைத் தணிக்கவில்லை; மாணவியருள் மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்காது வெளியேறினர். தாதியின் உளநிலையும் நோயாளி பெறும் பராமரிப்பும் ஒன்றையொன்று பற்றி நிற்பதை இவ்வளவு தெளிவாகப் புலப்படுத்திய வேறோர் ஆய்வை நாம் கண்டதில்லை.

1980களில் பிரிஜிட் புறொக்ரர், மேற்பார்வைக்குத் தரம் பேணல், திறன் வளர்த்தல், உளச்சோர்வு நீக்கல் என மூன்று பணிகளை வகுத்தார். அவர் உளவளத்துணைத் துறையைச் சார்ந்தவர். ஆயினும் அவர் வகுப்பைத் தாதியர் உலகமே பெரிதும் தழுவிக்கொண்டது.

1991இல் கிறந்தம் மருத்துவமனையில் ஒரு தாதியால் நான்கு குழந்தைகள் கொலையுண்டமை நாட்டை உலுக்கிற்று. 1993இல் சுகாதாரத் திணைக்களத்தின் அறிக்கையொன்று பராமரிப்புசார் மேற்பார்வையை வளர்க்குமாறு கோரியது. 1994இல் சேர் செசில் குளோதியர் தலைமையிலான குழு அக்கொலைகள் பற்றிய விசாரணை அறிக்கையை வெளியிட்டது. இத்தகைய சூழலில், ‘இது எம்மைத் தாங்கவோ, வேவு பார்க்கவோ?’ எனத் தாதியர் ஐயுற்றதில் வியப்பில்லை. மேற்பார்வை நிருவாகக் கட்டுப்பாடு அன்று என 1996இல் தாதியர் ஒழுங்காற்று மன்றம் விளக்க நேர்ந்தது. ஆனால் அம்மன்றம் அதனைச் சட்டத்தாற் கட்டாயமாக்கவில்லை.

மஞ்செஸ்ரர் ஆய்வாளர்கள் இங்கிலாந்திலும் ஸ்கொற்லாந்திலுமாக 23 இடங்களில் நடத்திய மதிப்பீடு 1997இல் வெளிவந்தது. இத்தகைய ஆய்வுகளால் தாதியர் அடையும் பயனுக்குச் சான்று ஓரளவு திரண்டுள்ளது. நோயாளர் அடையும் பயனை நேரே அளந்து நிறுவுதல் அதனினும் கடினமாயிற்று. இவ்வேறுபாட்டை மறைத்தல் ஆய்வறமாகாது.

மருத்துவிச்சியரின் சட்டமுறை மேற்பார்வையோ வேறு வழியிற் சென்று முடிந்தது. மோர்கம் விரிகுடாப் பகுதியின் பேர்ணெஸ் மருத்துவமனையில் தவிர்த்திருக்கக்கூடிய முறையில் 11 குழந்தைகளும் ஒரு தாயும் இறந்தமையை 2015ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. அதற்கு முன்னரே, 2013இல், மேற்பார்வையையும் ஒழுங்காற்றலையும் பிரித்தல் வேண்டுமெனக் குறைகேள் அதிகாரி பரிந்துரைத்திருந்தார். மருத்துவிச்சியரின் தவறுகளை அவர்தம் சக மருத்துவிச்சியரே விசாரித்த ஏற்பாடு தாயையும் காக்கவில்லை, மருத்துவிச்சியையும் தாங்கவில்லை என்பதே நம் கணிப்பு. 115 ஆண்டுகள் நீடித்த அவ்வேற்பாடு 2017 மார்ச் 31இல் சட்டத்தினின்று நீங்கிற்று. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் புறொக்ரரின் மூன்று பணிகளைத் தழுவிய புதிய முறை மருத்துவிச்சியர்க்கென வகுக்கப்பட்டது. அதில் விசாரணை அதிகாரம் இல்லை. கொவிட் பெருந்தொற்றின் நடுவே, 2021இல், அது தாதியர்க்கும் விரிவாக்கப்பட்டது. ஆள் குறைந்த விடுதிகளில் அதற்கென ஒதுக்கப்பட்ட நேரமே முதலிற் கைவிடப்படுகின்றது என்னும் முறைப்பாடு மட்டும் 1990களிலிருந்து மாறாதுள்ளது.